எதிர்க்காற்று

தென்காசிச் சீமையில் மலை இருக்கும் இடத்தைவிட மலை இல்லாத இடத்துக்குத்தான் அதிகாரம் அதிகம். வடக்கே பெரியாற்றுக் காடுகளிலிருந்து சுவராக இறங்கிவரும் மேற்குத் தொடர்ச்சி மலை, செங்கோட்டைக்கு மேற்கே வந்ததும் தாழ்ந்துவிடுகிறது. ஏழெட்டுக் கிலோமீட்டர் அகலத்துக்கு அப்படியே பணிந்து கிடந்துவிட்டு, குற்றால மலையாக மறுபடி எழுந்து அகத்தியமலையைப் பார்க்கப் போகிறது. நடுவில் விட்டுப்போன அந்த இடைவெளியைச் செங்கோட்டைக் கணவாய் என்பார்கள், ஆரியங்காவுக் கணவாய் என்றும் சொல்வதுண்டு. ஆனி பிறந்தால் அரபிக்கடல் காற்று நுழைவது இந்த வழியாகத்தான். தென்காசித் தெருவில் வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் விழுவது, குற்றாலத்துக் கடைகள் ஜூனில் விழித்து ஆகஸ்டு முடிந்ததும் படுத்துக்கொள்வது, சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுற்றுவது, எல்லாம் அந்த இடைவெளியின் உபயம்.

காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டால் காற்று ஒழிந்தது. பஸ்ஸில் போகிறவருக்கு அது ஜன்னலோர சுகம். சைக்கிளில் மேற்கே போகிறவன்தான் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். புளியரைக்கு முந்தைய வயல்வெளியில், தரை சமமாகத்தான் இருக்கிறது என்று கண் சொல்லும். ஏறிக்கொண்டிருக்கிறோம் என்று முழங்கால் சொல்லும். ஆடி மாதத்தில் முழங்கால் சொல்வதே சரி.

வடகரையிலிருந்து கிளம்பி இந்தக் கணவாயைக் கடந்து கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலம் வரை போய்த் திரும்புவது ஒரு பகல் வேலை. போகவர 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் வரும். வடகரை என்றால் இந்தப் பக்கம் இரண்டு ஊர் உண்டு. சுரண்டைச் சாலையில் இருப்பது சாம்பவர்வடகரை. சூரியகாந்தி பூக்கும் நாட்களில் கேரளத்திலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து படமெடுக்கிறார்களே, அந்தப் பக்கம். நான் சொல்வது பண்பொழிக்குப் பக்கத்தில் மலையை ஒட்டிக் கிடக்கும் வடகரை. பழைய பாளையத்து ஊர். இன்றைக்குத் தென்னை, மா, நெல், பள்ளிவாசல், டீக்கடை, இரவானால் யானைப் பயம்.

ஊரைத் தாண்டினால் பண்பொழி. திருமலைக் குமாரசாமி கோயில் தனிக்குன்றின் தலையில் வெள்ளையாகத் தெரியும். அதற்குப் பின்னால் மேக்கரை, அடவிநயினார் அணை. மாவட்டத்து அணை நிலவரம் வாசிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் மனப்பாடம்: அடவிநயினார் 132 அடி, குண்டாறு 36 அடி. சாரல் தொடங்கினால் குண்டாறுதான் முதலில் நிரம்பி வழியும். சின்னப் பாத்திரம், சீக்கிரம் பொங்குகிறது. அடவிநயினாருக்குப் பொறுமை வேண்டும்.

இங்கிருந்து மலையைக் கடக்க இரண்டு வழி. ஒன்று மேக்கரை வழியாக அச்சன்கோவில். அந்த ஊரின் நிலை வேடிக்கையானது. இருப்பது கேரளத்துக் கொல்லம் மாவட்டத்தில். சௌகரியமாகப் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் வந்துதான் போக வேண்டும். மார்கழித் திருவிழாவுக்கு ஐயப்பனின் திருவாபரணப் பெட்டி புனலூரிலிருந்து புறப்பட்டு, கணவாயைத் தாண்டிச் செங்கோட்டை, தென்காசி என்று சுற்றி, பண்பொழி வழியாக மறுபடி மலையேறி அச்சன்கோவில் சேர்கிறது. ஒரு மாநிலத்துச் சாமி தன் நகையைப் போட்டுக்கொள்ள அடுத்த மாநிலம் வழி விட வேண்டியிருக்கிறது. 1956-இல் மாநிலங்களுக்குக் கோடு போட்டவர்கள் வரைபடத்தைப் பார்த்துப் போட்டார்கள். சாமி பழைய வழியிலேயே போகிறது. அதைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

அச்சன்கோவில் சாலை அழகு. கொண்டைஊசி வளைவுகள், மேலே ஏற ஏறக் காடு நெருங்கிவரும், அடவிநயினார் தண்ணீர் கீழே கண்ணாடித்துண்டு மாதிரி கிடக்கும். ஆனால் தனியாகச் சைக்கிளில் போக நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. யானைக்கு முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு வளைவில் போய் நிற்பது மரியாதையும் இல்லை, புத்தியும் இல்லை. பெல் அடித்துக்கொண்டே போகலாமே என்பார்கள். அடித்துப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

ஆகவே செங்கோட்டை வழி. ஊருக்குள் நுழையும் பழைய வளைவில் இன்னும் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரை இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர் - கொச்சி மண். கலெக்டர் ஆஷைச் சுட்ட இந்த ஊர் வாஞ்சிநாதன் 1886-இல் பிறந்தது சமஸ்தானத்தில். 1911-இல் சுட்டது மணியாச்சியில், வெள்ளைக்காரன் சீமையில். அந்த வயதில் அவர் ஒரு எல்லையைத் தாண்டித்தான் போராட வந்திருக்கிறார் என்பதை இங்கே சைக்கிள் மிதிக்கும்போதுதான் நினைத்துக்கொள்கிறேன். பாடப்புத்தகத்தில் அந்த எல்லை இல்லை. பிரானூரில் இருக்கிறது: மர அறுவை மில்களுக்கும் பரோட்டாக் கடைகளுக்கும் நடுவே அந்த இடத்தை இன்றும் ‘பார்டர்’ என்கிறார்கள். எல்லை மேற்கே நகர்ந்துபோய் ஏறக்குறைய 70 ஆண்டாகிறது. பரோட்டாவும் நாட்டுக்கோழியும் இடம் மாறவில்லை. காலையில் அந்தப் பக்கம் போகக் கூடாது. வயிறு நிறைந்தவன் புளியரை ஏற்றத்தில் படும் பாட்டை வயிறு நிறைந்தவன்தான் அறிவான்.

புளியரையில் கடைசி வயல் முடிந்ததும் சாலை தன்னைத்தானே மடித்துக்கொள்கிறது. எஸ் வளைவு என்று பெயர். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஆயிரக்கணக்கான அடி ஏற்றமெல்லாம் கிடையாது. சில நூறு அடிதான். ஆனால் இந்தச் சில நூறு அடிக்குள் கேரளத்தின் கட்டுமானம் முழுக்கப் போயாக வேண்டும். ஜல்லி, எம்-சாண்ட், சிமெண்டு, வைக்கோல், காய்கறி, கோழி. பாரம் ஏற்றிய லாரிகள் முதல் கியரில் உறுமிக்கொண்டு ஊர்கின்றன. சைக்கிளும் லாரியும் ஒரே வேகத்தில் போகும் இடம் தமிழ்நாட்டில் இதைப் போல அதிகம் இருக்காது. ஒரே லாரியோடு நெடுநேரம் பக்கத்தில் பக்கத்தில் ஏறியிருக்கிறேன். கிளீனர் பையன் கதவில் கை வைத்துத் தொங்கிக்கொண்டு குனிந்து கேட்பான்: “எங்கண்ணே போறீய? சும்மாவா?” சும்மாதான் என்றால் நம்ப மாட்டான். சாமிக்கு நேர்ச்சை என்றால் தலையாட்டிவிடுவான். நான் ஆளுக்குத் தக்கபடி சொல்வேன்.

சும்மா போவதற்கும் ஒரு முன்னோடி இருக்கிறார். பிரான்சில் செந்த்-எத்தியேன் ஊரைச் சேர்ந்த பால் து விவி, 1853-இல் பிறந்தவர். விலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார், ‘லெ சிக்லிஸ்த்’ என்று பத்திரிகை நடத்தினார். அந்த வகையில் நம் ஆள்தான். பந்தயம் இல்லாமல், பரிசு இல்லாமல், மலையில் சைக்கிள் ஓட்டித் திரிவதையே ஒரு வாழ்முறையாக்கியவர். ஏற்றத்துக்கு ஏற்றபடி பல் மாற்றும் கியர் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். எதிர்த்தரப்பில் டூர் தெ பிரான்சு பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்சு. கியர் போட்டு ஏறுவது ஆண்மைக்கு இழுக்கு என்பது அவர் கட்சி. விலோசியோ 1930-இல் இறந்தார். அதற்குப் பிறகும் ஏழு ஆண்டு கழித்து, 1937-இல்தான் அந்தப் பந்தயத்தில் சங்கிலி மாற்றும் கியரை அனுமதித்தார்கள்.

நம் ஊரில் இந்தச் சண்டையே நடக்கவில்லை. ஹெர்குலஸ், அட்லஸ் என்று ஒற்றைப் பல்லோடு வந்த வண்டியில்தான் பால்கேன் போனது, வாழைத்தார் போனது, புல்லுக்கட்டு போனது, அதற்கு மேல் வீட்டுக்காரி உட்கார்ந்து போனாள். ஏற்றம் வந்தால் இறங்கி உருட்டினார்கள், அவ்வளவுதான். உருட்டுவதில் யாருக்கும் வெட்கமில்லை. வண்டி பாரம் சுமக்க, ஆள் நடக்க. தெகிராஞ்சு, விலோசியோ இருவருக்குமே தோன்றாத மூன்றாவது கட்சி இது. இப்போது சனி ஞாயிறுகளில் ஹெல்மெட்டும் இறுக்கமான உடையுமாகக் கூட்டமாக வருகிறவர்கள் எஸ் வளைவில் மூச்சு முட்டினாலும் இறங்குவதில்லை. பின்னால் அவர்களுடைய பையைச் சுமந்துகொண்டு ஒரு கார் வருகிறது. இருபத்துநாலு கியர் இருக்கிறது, உருட்ட மட்டும் தெரியவில்லை. உருட்டும்போதுதான் சாலையோரத்து ஓடைச்சத்தம் கேட்கும். செயின் சத்தம் நின்றால்தானே மற்றது கேட்கும்?

உச்சியில் கோட்டைவாசல். கருப்பசாமி இருக்கிறார். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற வண்டி ஒவ்வொன்றும் இங்கே ஓரங்கட்டும். லாரிக்காரர்கள் மாதம் பார்ப்பதில்லை, எப்போதும் நிறுத்துகிறார்கள். இரு மாநிலச் சோதனைச்சாவடிகளும் எதை எதையோ தடுக்கின்றன. கருப்பசாமி யாரையும் தடுப்பதாகத் தெரியவில்லை. இங்கே நின்றால் காற்று மாறியிருப்பது தெரியும். தமிழ்நாட்டுப் பக்கம் அறைந்துகொண்டிருந்தது, இங்கே மரங்களுக்குள் சிக்கி ஈரமாகிப் போகிறது. இறங்க இறங்க மரத்தின் உயரம் கூடுகிறது, வெளிச்சம் குறைகிறது, பாறையெல்லாம் பாசி. ஆரியங்காவில் ஐயப்பன் மணக்கோலத்துக்காரர். அவருக்கு வருடாவருடம் பெண்வீட்டார் மதுரைச் சௌராஷ்டிரர்கள்; மண்டல காலத்தில் கூட்டமாக வந்து திருக்கல்யாணம் நடத்துகிறார்கள். நூல் வியாபாரிகள் இந்தக் கணவாய் வழியே திருவிதாங்கூருக்கு நடந்த காலத்தின் நினைவு அந்தக் கல்யாணம். கல்யாணப் பெண் கருவறையில் கலந்துவிட்டாள் என்பது கதை. வியாபாரம் நடந்தது என்பது வரலாறு. இரண்டையும் ஒரே பந்தலில் வைத்துச் சோறு போடுகிறார்கள்.

ரயிலும் இதே இடைவெளியைத்தான் நாடியது. கொல்லம் - செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1904-இல் திறந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் ரயில். பகவதிபுரத்துக்கு மேற்கே மலையைக் குடைந்து ஒரு நீண்ட சுரங்கம், கழுதுருட்டியில் பதிமூன்று கண் வைத்துக் கல்பாலம். அகலப்பாதை ஆக்குவதற்காக 2010-இல் ரயிலை நிறுத்தினார்கள், 2018-இல் மறுபடி முழுதாக ஓடியது. இடைப்பட்ட எட்டு ஆண்டு தண்டவாளத்தில் ஆடு மேய்ந்தது. இப்போதும் பெரிய ரயில்கள் இந்த ஏற்றத்தில் ஒற்றை எஞ்சினால் ஏறுவதில்லை. பின்னால் இன்னொரு எஞ்சினை மாட்டித் தள்ளுகிறார்கள். ரயிலுக்கே ஆள் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கும்போது உருட்டுகிறவனைப் பார்த்து யார் சிரிப்பது?

பதிமூன்று கண் பாலம் சாலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. எல்லோரும் செல்ஃபி எடுக்கும் இடம். நான் இங்கே வருவது பாலத்துக்காக இல்லை. பாலத்துக்குத் தெற்கே தெரியும் காட்டுக்காக.

அது செந்துருணி. 1984-இல் சரணாலயம் ஆக்கினார்கள். செங்குறிஞ்சி என்ற மரம் நிற்கிற காடு என்பதால் அந்தப் பெயர். மா, முந்திரி இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது அந்த மரம். உலகத்திலேயே அது வளர்வது இந்தக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள மலைகளில் மட்டும்தான். வடக்கே இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, இந்தப் பக்கம் இல்லை என்று சொல்லிவிடும் அளவுக்குக் கறாரான எல்லை. மழை ஒன்று, மண் ஏறக்குறைய ஒன்று. விதை தாண்டவில்லை. ஏழெட்டுக் கிலோமீட்டர்தானே, ஒரு பறவை தூக்கிப்போட எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்குத் தோன்றும். மரத்துக்குத் தோன்றவில்லை.

மரம் மட்டும் இல்லை. உயரமான குளிர்ந்த காட்டுக்கே பழகிய பறவைகள் கணவாயின் இரு பக்கமும் நெடுங்காலம் தனித்தனியாக வாழ்ந்து மரபணுவிலேயே விலகிப் போயிருக்கின்றன. சிங்கவால் குரங்கு இரு பக்கமும் உண்டு. கிளை விட்டுக் கிளை தாவும் ஜீவன் அது, தரைக்கு இறங்கி வயலைக் கடந்து மறுகரைக் காட்டுக்குப் போகுமா? வரையாடும் அப்படித்தான், உச்சிப் புல்வெளியை விட்டுத் தாழ்ந்த இடத்துக்கு அது வருவதில்லை. நிலவியல்காரர்கள் இன்னும் பின்னால் போகிறார்கள். இந்தத் தாழ்வு ‘அச்சன்கோவில் பிளவுமண்டலம்’ என்னும் பழைய முறிவோடு சேர்ந்தது; 50 கோடி ஆண்டுக்கு முன் கண்டங்கள் கோண்டுவானாவாக ஒட்டிக்கிடந்த காலத்து இறுக்கத்தில் பாறை நைந்துபோன தடம். அதன் மறுமுனை மடகாஸ்கரில் கிடக்கிறது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எஸ் வளைவில் மூச்சு வாங்குகிறவன் கோண்டுவானாவின் பழைய காயத்தின் மேல் ஏறிக்கொண்டிருக்கிறான்.

கணவாய் என்றால் சேர்த்துவைப்பது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். உப்பு, நூல், அரிசி, சாமி, ரயில், மழை, எல்லாவற்றையும் அது சேர்த்துவைத்தது உண்மை. அவையெல்லாம் கிழக்கு மேற்காகப் போகிறவை. வடக்கு தெற்காகப் போக வேண்டியவற்றுக்கு இதே கணவாய் ஒரு அகழி. நமக்கு மலை தடை, பள்ளம் வழி. குரங்குக்கும் வரையாட்டுக்கும் மலைதான் வழி, பள்ளம் தடை. ஒரே இடம், திசை வேறு. எதிர்க்காற்றில் மிதித்து வந்தவனுக்கு இது சீக்கிரம் புரியும் என்று நினைக்கிறேன். திசையைப் பொறுத்துச் சாலையின் குணமே மாறிவிடுவதை அவன் காலையிலிருந்து தொடையில் உணர்ந்துகொண்டுதானே வந்திருக்கிறான்.

யானை நடுவில் மாட்டிக்கொண்ட பிராணி. அதற்கு மலையும் பள்ளமும் ஒன்றுதான். தாழ்ந்த கணவாய் அதற்கு ஒரு காலத்தில் அகழியாக இருந்திருக்க நியாயமில்லை. அகழியாக ஆக்கியது நாம். தேசிய நெடுஞ்சாலை, ரயில் பாதை, ரப்பர்த் தோட்டங்கள், வீடுகள், வேலிகள், எல்லாம் கிழக்கு மேற்காக வரிசையில் உட்கார்ந்துவிட்டன. இப்போது பெரியாற்றுப் பக்கத்து யானை அங்கே, அகத்தியமலை யானை இங்கே. தெற்கே 2022-இல் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவித்தார்கள், நல்லது. ஆனால் காப்பகத்துக்கு வடக்கு வாசல் எங்கே என்று யாராவது கேட்க வேண்டும். பந்திப்பூரில் 2009-இலிருந்தும் சத்தியமங்கலத்தில் 2022-இலிருந்தும் இரவுப் போக்குவரத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். புளியரையில் அதைச் சொல்லிப் பாருங்கள். சபரிமலை சீசன் இருக்கிறது, ஜல்லி இருக்கிறது, காய்கறி இருக்கிறது. நானே அந்தப் பரோட்டாவைச் சாப்பிடுகிறவன். இரவுத்தடை ஒன்றே தீர்வு என்று சொல்லவும் எனக்குத் தைரியமில்லை. சாலையை யானைக்காக ஓரிரு இடத்திலாவது தூண்மேல் தூக்குவது பற்றி, சாலையை அகலப்படுத்தப் பேசும் அதே கூட்டத்தில் பேசலாம். அகலமாக்கினால் பள்ளம் இன்னும் ஆழமாகும் என்பது அந்தக் கூட்டத்தில் யாராவது சொன்னால்தான் தெரியும்.

திரும்பும்போது காற்று கட்சி மாறிவிடும். கழுதுருட்டியிலிருந்து கோட்டைவாசல் வரை ஏற்றம் நீளமானது, ஆனால் சாதுவானது. முதுகில் கைவைத்துத் தள்ள ஆளிருக்கிறது. உச்சியைத் தாண்டிப் புளியரைக்கு இறங்கும்போது மிதிக்கவே வேண்டாம். பிரேக்கைத்தான் பிடித்துக்கொண்டே வர வேண்டும். ஜல்லி லாரி சிந்திய பொடி வளைவுகளில் கிடக்கும், ஈரமும் சேர்ந்தால் டயர் வழுக்கும். முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் மருத்துவமனைதான். இறங்கி வயல்வெளிக்கு வந்ததும் காற்று பாயாக விரிந்து அப்படியே செங்கோட்டையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். காலையில் மென்றுமென்று கடந்த தூரம் ஒரு வாய்ப் பாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. இந்த இறக்கத்துக்காகத்தான் அந்த ஏற்றம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. பின்காற்றில் வந்த நாளில் சாலையில் எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

வெளிச்சம் போவதற்குள் வடகரை வந்துவிட வேண்டும். பண்பொழியைத் தாண்டி மலையோரச் சாலையில் இருட்டில் சைக்கிள் எடுக்கக் கூடாது என்பது ஊரில் யாரும் எழுதிவைக்காத சட்டம். நான் திரும்புகிற நேரமும் தோப்புக்காவலுக்கு ஆட்கள் கிளம்புகிற நேரமும் ஒன்று. டார்ச், வெடி, போர்வை, தூக்குச்சட்டி. ராத்திரி யானை வந்தால் தென்னங்கன்றைக் குருத்தோடு பிடுங்கிவிடும், வாழையை மிதித்துவிடும், மாவில் கிளையை முறித்துவிடும். வனத்துறைக்குச் சொல்லி அவர்கள் வந்து விரட்டினால் அடுத்த தோப்புக்குப் போகும். நஷ்ட ஈட்டுக்கு மனு எழுத வேண்டும், படம் எடுக்க வேண்டும், பிறகு அலைய வேண்டும். காட்டைப் பற்றி உருகி எழுதுகிற என்னைப் போன்றவர்களை அவர்கள் ஒரு பொறுமையோடுதான் பார்க்கிறார்கள்.

டீக்கடையில் ஒரு பெரியவர் என் டயரில் அப்பியிருந்த செம்மண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கணவாய்க்கா போயிட்டு வாறீய? ஆனை ஏதும் கண்ணுல பட்டுதா?”

“இல்லய்யா, ஒண்ணும் படல.”

“அங்க என்னத்துக்கு நிக்கி? தென்ன இங்கல்லா இருக்கு” என்றபடி டார்ச்சைத் தட்டிப் பார்த்தார், பேட்டரி மாற்ற வேண்டும் என்று கடைக்காரரிடம் இரண்டு கட்டை கேட்டார்.